எம்பெடட் லினக்ஸ் திரைக்கு ஜிபியு வேண்டுமா, சிபியுவே போதுமா?

கேள்வி சுருக்கமாக இது. ஐ.எம்.எக்ஸ் 6யூஎல்எல் போர்டு, 7 அங்குல 800×480 திரை, க்யூடி குவிக் என்ற யூஐ (பயனர் திரை) நூலகத்தில் எழுதிய கட்டுப்பாட்டுப் பலகை. டெஸ்க்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடுவது போர்டில் திணறுகிறது. மெனு பக்கவாட்டில் நகரும்போது விட்டுவிட்டு நகர்கிறது, டாப் கட்டளையில் பார்த்தால் சிபியு 100 சதவீதம். ஜிபியு (படம் வரைவதற்கென்றே உள்ள செயலி) உள்ள எஸ்டிஎம்32எம்பி157 போர்டுக்கு மாறிவிடலாமா, இதிலேயே சமாளிக்க முடியுமா?

பெரும்பாலும் இதிலேயே சமாளிக்கலாம். ஆனால் "ஜிபியு இருக்கிறதா, இல்லையா" என்ற இடத்திலிருந்து யோசித்தால் சரியான முடிவு வராது. ஒரு பிரேமில் (திரை ஒருமுறை காட்டும் படத்தில்) எத்தனை பிக்சல் மாறுகிறது, மாறும் ஒவ்வொரு பிக்சலையும் எத்தனை முறை தொடுகிறோம் என்ற இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். போர்டை மாற்ற வேண்டுமா என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும். அதற்கும் முன்னால், உங்கள் போர்டில் இப்போது உண்மையில் யார் வரைகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். உங்கள் திணறலுக்குக் காரணம் அங்கேயே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது வரைவது யார்?

6யூஎல்எல்லில் 3டி ஜிபியு கிடையாது. ஒரே ஒரு கார்டெக்ஸ்-ஏ7 கோர், பிஎக்ஸ்பி என்ற சிறிய 2டி பிக்சல் இயந்திரம், ஒற்றை லேயர் மட்டும் காட்டத் தெரிந்த எல்சிடி கன்ட்ரோலர், அவ்வளவுதான். அப்படியானால் ஓப்பன்ஜிஎல் (ஜிபியுவை வரையச் சொல்லும் பொது இடைமுகம்) கேட்கும் க்யூடி குவிக் எப்படி ஓடுகிறது? போர்டில் ஏற்றும் லினக்ஸ் இமேஜில் மீசா என்ற திறந்த மூல ஓப்பன்ஜிஎல் நூலகம் சேர்ந்திருந்தால், ஜிபியு இல்லாத இடத்திலும் அது நிரலைத் திருப்பி அனுப்பாது. எல்எல்விஎம்பைப் அல்லது சாஃப்ட்பைப் என்ற டிரைவரைக் கொடுத்து, ஒரு ஜிபியு செய்ய வேண்டிய வேலை முழுவதையும் சிபியுவில் போலச் செய்யும். எந்த எச்சரிக்கையும் வராது. படம் வரும், மெதுவாக வரும்.

எல்எல்விஎம்பைப் மோசமான மென்பொருள் என்று சொல்ல வரவில்லை. ஷேடரை (ஜிபியுவில் ஓட வேண்டிய சிறு நிரலை) எல்எல்விஎம் என்ற கம்பைலர் நூலகம் வழியாக இயந்திர மொழிக்கு மாற்றி, பல கோர்களில் பிரித்து ஓட்டும் திறமையான வேலை அது. நான்கைந்து வேகமான கோர் உள்ள இடத்தில் உதவும். ஒற்றை ஏ7 கோரில் பிரித்துக்கொடுக்க ஆளில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: க்யூடி குவிக்கின் ஓப்பன்ஜிஎல் ரெண்டரர் (வரையும் பகுதி) ஜிபியுவை மனதில் வைத்து எழுதப்பட்டது. திரையில் ஒரு எழுத்து மாறினாலும் காட்சி முழுவதையும் மறுபடி வரைந்துவிடும். ஜிபியுவுக்கு அது பொருட்டில்லை. ஆனால் ஒரு மூலையில் கர்சர் சிமிட்டுவதற்காக 3,84,000 பிக்சலையும் ஏ7 கோர் திரும்பத் திரும்ப வரைவது வீண் உழைப்பு.

சோதிப்பது எளிது. 'க்யூஎஸ்ஜி_இன்ஃபோ' என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு 1 கொடுத்து நிரலை ஓட்டுங்கள். தொடக்க வரிகளில் எந்த ரெண்டரர் என்று அச்சாகும். அதில் எல்எல்விஎம்பைப் அல்லது சாஃப்ட்பைப் என்று வந்தால் மேலே சொன்ன கதைதான் உங்களுடையதும்.

மாற்று வழி க்யூடி 5.8 முதல் உள்ளேயே இருக்கிறது. 'க்யூடி_குவிக்_பேக்கெண்ட்' வேரியபிளுக்கு 'சாஃப்ட்வேர்' என்றும், 'க்யூடி_க்யூபிஏ_பிளாட்ஃபார்ம்' வேரியபிளுக்கு 'லினக்ஸ்எஃப்பி' என்றும் கொடுங்கள். இந்த பேக்கெண்ட் ஓப்பன்ஜிஎல்லைத் தொடுவதே இல்லை. க்யூடியின் 2டி வரைவு நிரலான க்யூபெயின்டர் வழியாக நேரடியாக மெமரியில் வரைகிறது, மாறிய பகுதியை மட்டும் வரைகிறது. இரண்டையும் "சாஃப்ட்வேர் ரெண்டரிங்" என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பம். ஓப்பன்ஜிஎல்லை சிபியுவில் போலச் செய்வதும், சிபியுவுக்கென்றே எழுதிய ராஸ்டர் நிரலால் வரைவதும் வேறு வேறு வேலைகள். ஜிபியு இல்லாத சின்ன போர்டில் இரண்டாவதை மட்டுமே பயன்படுத்துங்கள்.

இது ஒத்துவந்தால் க்யூடியை ஓப்பன்ஜிஎல் இல்லாமலே பில்ட் செய்து, மீசாவையும் எல்எல்விஎம்மையும் இமேஜிலிருந்து எடுத்துவிடலாம். எல்எல்விஎம் நூலகம் மட்டுமே பல பத்து எம்பி பிடிக்கும். சிறிய நேண்ட் ஃபிளாஷில் அது பெரிய இடம். தொடக்கத்தில் ஏற்ற வேண்டிய நூலகம் குறைவதால் முதல் திரையும் சீக்கிரம் வரும்.

கணக்கு

800×480 என்றால் 3,84,000 பிக்சல். விநாடிக்கு 60 முறை முழுத் திரையும் மாறினால் சுமார் 2 கோடியே 30 லட்சம் பிக்சல். 792 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு விநாடிக்கு 79 கோடியே 20 லட்சம் சைக்கிள். வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 34 சைக்கிள் கிடைக்கிறது. கியூஎம்எல் (க்யூடி குவிக்கின் மொழி) பைண்டிங், சீரியல் போர்ட், உங்கள் வணிக லாஜிக், கர்னல் எல்லாம் இந்த 34க்குள் அடங்க வேண்டும். பல மதிப்புகளை ஒரே நேரத்தில் கையாளும் நியான் கட்டளைகளால் ஒரு பிக்சலைக் கலக்க ஆகும் சைக்கிள் சொற்பம்தான். ஆனால் அந்தப் பிக்சல் மெமரியிலிருந்து வந்துசேரக் காத்திருக்கும் நேரம் சொற்பம் இல்லை.

அதனால் பேண்ட்வித் கணக்கு, அதாவது மெமரிக்கு விநாடிக்குப் போய்வரும் தரவின் கணக்கு, இன்னும் முக்கியம். பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு பிரேம் 15,36,000 பைட். எல்சிடி கன்ட்ரோலர் திரையைப் புதுப்பிக்க விநாடிக்கு 60 முறை இதைப் படிக்கிறது. திரையில் எதுவும் அசையாவிட்டாலும் 92 எம்பி அதற்கே போகிறது. இப்போது முழுப் பக்கம் நகர்கிறது என்று வைப்போம். மூலப் படத்தைப் படிக்க 92, பின்னணி பஃபரில் எழுத 92, அதை பிரேம்பஃபருக்கு (திரை காட்டும் மெமரிக்கு) நகலெடுக்கப் படிப்பு 92, எழுத்து 92. திரைப் புதுப்பிப்பையும் கூட்டினால் விநாடிக்கு 460 எம்பி. இதன்மேல் பாதி ஒளிபுகும் ஒரு லேயரைப் போட்டால் அடியில் இருப்பதைப் படித்து, மேலிருப்பதைப் படித்து, மறுபடி எழுத வேண்டும். இன்னொரு 276 எம்பி.

16 பிட் அகல டிடிஆர்3 மெமரி, 400 மெகாஹெர்ட்ஸ் என்றால் காகிதத்தில் விநாடிக்கு 1,600 எம்பி. நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது என்று திட்டமிடுங்கள். எல்2 கேஷ் 128 கேபிதான், ஒரு பிரேமோ ஒன்றரை எம்பி. முழுத்திரை வேலையில் கேஷ் கைகொடுக்காது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு: ஒரு ஒளிபுகா லேயர், 30 பிரேம், முழுப் பக்க நகர்வு என்றால் இந்த போர்டில் நடக்கும். இரண்டு மூன்று ஒளிபுகும் லேயர்கள் 60 பிரேமில் நகர வேண்டும் என்றால் நடக்காது, எவ்வளவு மெனக்கெட்டாலும். எண் மாறுவது, பட்டன் நிறம் மாறுவது, சின்ன கிராஃப் ஓடுவது போன்றவற்றுக்கு இந்த போர்டே தாராளம். தொழிற்சாலைப் பலகைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகை. முழுத்திரை ஃபேட், பிளர், நிழல் எல்லாம் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து வடிவமைத்தபோது சேர்ந்தவை. இயக்குபவர் அவற்றைக் கேட்டிருக்க மாட்டார்.

சாஃப்ட்வேர் பேக்கெண்டில் வேகம் எடுப்பது

பேக்கெண்டை மாற்றியதும் சில பொருள்கள் திரையிலிருந்து காணாமல் போகும். ஷேடர் எஃபெக்ட், அதன்மேல் கட்டிய நிழல், பிளர் போன்ற கிராஃபிக்கல் எஃபெக்ட்டுகள், பார்ட்டிக்கிள்கள் எதுவும் இதில் வராது. நிழல் வேண்டுமென்றால் அதைப் படக் கோப்பிலேயே வரைந்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஆல்பா, அதாவது பிக்சல் எவ்வளவு ஒளிபுகும் என்ற மதிப்பு. பின்னணிப் படங்களைப் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும்போது தேவையே இல்லாமல் ஆல்பா சேனல் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்கு ஒளிபுகாத படமாகத் தெரிந்தாலும் ரெண்டரர் அதைக் கலந்துதான் வரையும். ஆல்பாவை நீக்கிச் சேமித்தால் அதே வேலை வெறும் நகலெடுப்பாகச் சுருங்கும். உழைப்பே இல்லாமல் கிடைக்கும் வேகம் இது, முதலில் இதைச் செய்யுங்கள்.

படத்தின் அளவை ஓடும்போது மாற்றாதீர்கள். 1920 பிக்சல் அகலப் படத்தை 800 அகலத்தில் காட்டச் சொன்னால், அந்தப் பகுதி மறுபடி வரையப்படும் ஒவ்வொரு முறையும் சிபியு சுருக்கிக் காட்டும். 'சோர்ஸ்சைஸ்' கொடுத்தால் ஏற்றும்போதே ஒருமுறை சுருங்கிவிடும். சரியான அளவில் படத்தைத் தயாரித்தே வைத்தால் ஏற்றும் நேரமும் மிச்சம்.

மீட்டர் முள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். 400×400 டயல், 180 பிக்சல் நீள முள். முள் செங்குத்தாக நிற்கும்போது அது பிடிக்கும் செவ்வகம் ஒல்லியானது. 45 டிகிரியில் சாயும்போது அதைச் சுற்றிய செவ்வகம் ஏறக்குறைய 127×127, அதாவது 16,000 பிக்சல். முள் நகரும் ஒவ்வொரு முறையும் பழைய இடத்தையும் புதிய இடத்தையும் சேர்த்து மறுபடி வரைய வேண்டும். முள்ளுக்கு அடியில் டயல் பின்னணி, அளவுக் கோடுகள், எண்கள், வண்ண வளையம் என்று நான்கு பொருள் தனித்தனியாக இருந்தால் அந்த 16,000 பிக்சலும் நான்கு முறை வரையப்படும். நான்கையும் ஒரே ஒளிபுகாப் படமாக ஒட்டிவிட்டால் ஒரு நகலெடுப்பு, அதன்மேல் முள், முடிந்தது. இதையே திரை முழுவதற்கும் பொருத்திப் பாருங்கள். அசையாதவை எல்லாம் ஒரே படமாக இருக்கட்டும், அசைபவை மட்டும் தனிப் பொருளாக இருக்கட்டும்.

தரவு வேகத்தையும் கவனியுங்கள். கேன் பஸ்ஸில் (சாதனங்கள் தரவு அனுப்பும் பொதுக் கம்பி) விநாடிக்கு 100 முறை வரும் மதிப்பை அப்படியே லேபிளில் கட்டினால் ஒவ்வொரு வரவுக்கும் எழுத்து மறுபடி அடுக்கப்படும். மனிதக் கண்ணுக்கு விநாடிக்கு 10 முறை போதும். அதுவும் காட்டப்படும் இலக்கம் மாறியிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

நிறத்தை 16 பிட்டாகக் குறைத்தால் பிரேம்பஃபருக்கான பேண்ட்வித் பாதியாகும். கர்னல் கமாண்ட் லைனில் 'வீடியோ' அளபுருவில் தெளிவுத்திறனுக்குப் பின் -16 சேர்க்கலாம். விலையாகத் தர வேண்டியது, சாய்வு நிறங்களில் பட்டை பட்டையாகக் கோடு தெரிவது. தட்டையான நிறங்கள் உள்ள யூஐயில் அது தெரியாது. சாய்வு நிறம் கட்டாயம் வேண்டுமானால் டிதர் செய்த (நிறப் புள்ளிகளைக் கலந்து சாய்வு போலக் காட்டும்) படமாகவே தயாரித்துக்கொள்ளுங்கள்.

பில்ட் கொடிகளையும் ஒருமுறை பாருங்கள். க்யூடியிலும் பிக்ஸ்மேன் என்ற பிக்சல் நூலகத்திலும் நியானுக்கென்றே கைப்பட எழுதிய பாதைகள் உண்டு. டூல்செயின் கொடிகளில் நியான் விடுபட்டிருந்தால் அவை பில்டில் சேராமல் போகலாம். பெர்ஃப் டாப் ஓட்டி, அதிக நேரம் தின்னும் பிளெண்ட் செயல்கூறுகளின் பெயரில் நியான் என்று வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சோதிக்கும்போது சிபியு கவர்னரை (கடிகார வேகத்தை ஏற்றி இறக்கும் கர்னல் பகுதி) 'பெர்ஃபாமன்ஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அனிமேஷனின் முதல் சில பிரேம்கள் மட்டும் தடுமாறினால், கடிகார வேகம் ஏறத் தாமதமாவதுதான் காரணம் என்று இதில் பிரித்தறியலாம்.

பிரேம்பஃபரிலிருந்து படிக்காதீர்கள்

க்யூடி இல்லாமல் நீங்களே பிரேம்பஃபரை எம்மேப் செய்து (நிரலின் மெமரியோடு இணைத்து) வரைகிறீர்கள் என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு. பிரேம்பஃபரும் டிஆர்எம் (கர்னலின் திரை அமைப்பு) தரும் டம்ப் பஃபரும் இத்தகைய சிப்களில் பொதுவாகக் கேஷ் இல்லாத, ரைட்-கம்பைன் (எழுதுவதைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும்) மெமரியாக மேப் ஆகும். தொடர்ச்சியாக எழுதினால் வேகமாக இருக்கும். படித்தால் ஒவ்வொரு படிப்பும் டிடிஆர் வரை போய்வரும். ஆல்பா கலப்பு என்றாலே அடியில் இருப்பதைப் படிக்க வேண்டும். அதனால் நேராக பிரேம்பஃபரில் கலந்து வரையும் நிரல், அதே நிரலைச் சாதாரண மெமரியில் ஓட்டுவதைவிடப் பல மடங்கு மெதுவாகும். சாதாரண மாலாக் மெமரியில் ஒரு நிழல் பஃபர் வைத்து, அங்கே எல்லாக் கலப்பையும் முடித்து, மாறிய செவ்வகத்தை மட்டும் வரிவரியாக நகலெடுங்கள். கூடுதலாக ஒரு நகல் ஆனாலும் மொத்தத்தில் லாபம்.

படம் நடுவில் கிழிந்து தெரிந்தால், திரை புதுப்பிக்கப்படும் நடுவே எழுதுகிறீர்கள். இரண்டு டம்ப் பஃபர் வைத்துப் பேஜ் ஃபிளிப் செய்யுங்கள், அதாவது ஒன்றைக் காட்டும்போது மற்றதில் வரைந்து, பிறகு மாற்றுங்கள். க்யூடி லினக்ஸ்எஃப்பியில் 'க்யூடி_க்யூபிஏ_எஃப்பி_டிஆர்எம்' வேரியபிளுக்கு 1 கொடுத்தால் அது இந்த வழிக்கு மாறும். பழைய பிரேம்பஃபர் இடைமுகமான எஃப்பிடெவ் வழியே போக வேண்டிய கட்டாயம் இருந்தால் மெய்நிகர் உயரம் இரட்டிப்பாக இருக்க வேண்டும். டிஆர்எம் டிரைவர்களில் அதற்கு 'டிஆர்எம்_எஃப்பிடெவ்_ஓவர்அலாக்' அளபுருவை 200 ஆக்க வேண்டும், இயல்பு மதிப்பு 100.

இரண்டு பஃபர் வைத்ததும் ஒரு புதுப் பிழை தலைகாட்டும். மதிப்பு பழையதும் புதியதுமாக மாறி மாறிச் சிமிட்டும். மாறிய பகுதியை ஒரு பஃபரில் மட்டும் வரைந்திருப்பீர்கள், அடுத்த பஃபரில் இரண்டு பிரேமுக்கு முந்தைய படம் அப்படியே இருக்கும். கடைசி இரண்டு பிரேமின் மாற்றங்களையும் சேர்த்து வரைந்தால் நின்றுவிடும்.

செங்குத்துப் பேனலைக் கிடையாகப் பொருத்தி, படத்தை 90 டிகிரி திருப்பும் வேலையைச் சிபியுவிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வரிசையாகப் படித்ததைப் பத்தி பத்தியாக எழுத வேண்டியிருப்பதால் கேஷும் ரைட்-கம்பைனும் இரண்டுமே பயனற்றுப் போகும். 6யூஎல்எல்லில் பிஎக்ஸ்பி இந்த வேலையைச் செய்யும். திருப்புவது, நிற வடிவம் மாற்றுவது, அளவு மாற்றுவது, இரண்டு லேயரைக் கலப்பது எல்லாம் அதற்குத் தெரியும். மெயின்லைன் கர்னலில் அது வி4எல்2 (லினக்ஸின் வீடியோ இடைமுகம்) மெமரி-டு-மெமரி சாதனமாகத் தெரியும். க்யூடி தானாக அதைப் பயன்படுத்தாது, நீங்கள்தான் இணைக்க வேண்டும். கேமரா படம் காட்டும் சாதனமானால் அந்த உழைப்பு நிச்சயம் தகும்.

ஜிபியு போர்டுக்கு மாறினால்

எஸ்டிஎம்32எம்பி157இல் விவான்டே ஜிபியு இருக்கிறது, ஓப்பன்ஜிஎல் ஈஎஸ் 2.0 வரை. அதே வரிசையில் 151, 153 என்ற எண்களில் ஜிபியு கிடையாது. வாங்கும்போது முழு எண்ணையும் பாருங்கள். டிஐயின் (டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்) ஏஎம்335எக்ஸ் வரிசையிலும் இதே கதை: 3354, 3358, 3359 ஆகியவற்றில் எஸ்ஜிஎக்ஸ்530 ஜிபியு உண்டு, 3352இல் இல்லை. என்எக்ஸ்பியின் புதிய ஐ.எம்.எக்ஸ் 93இலும் 3டி ஜிபியு கிடையாது, பிஎக்ஸ்பிதான். புதிய சிப் என்பதால் ஜிபியு இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

ஜிபியு வந்துவிட்டால் கணக்கு முடிந்துவிடாது. எம்பி157இன் ஜிபியு நிரப்பும் வேகம் விநாடிக்கு அதிகபட்சம் 13 கோடியே 30 லட்சம் பிக்சல் என்று அதன் தயாரிப்பாளரான எஸ்டி குறிப்பிடுகிறது. 800×480இல் 60 பிரேமுக்கு ஒரு முழு லேயர் 2.3 கோடி, ஆக ஐந்து லேயருக்குச் சற்று மேல். உங்கள் திரைக்கு வசதியான நிலை. அதே சிப்பில் 1280×800 திரையைப் போட்டால் ஒரு லேயருக்கே 6.1 கோடி. பின்னணி ஒன்று, அதன்மேல் முழுத்திரைப் பேனல் ஒன்று, அத்துடன் தீர்ந்தது. மூன்றாவதாக ஒரு மங்கலான ஓவர்லே போட்டால் 60 பிரேம் போய்விடும். "ஜிபியு இருந்தும் ஏன் மெதுவாக இருக்கிறது" என்ற கேள்விக்குப் பல சமயம் இதுவே பதில். 'க்யூஎஸ்ஜி_விஷுவலைஸ்' வேரியபிளுக்கு 'ஓவர்டிரா' என்று கொடுத்தால் எந்த இடத்தில் எத்தனை அடுக்கு விழுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். மறைந்திருக்கும் பக்கங்களை ஒளிபுகும் நிலையில் விடாமல் 'விசிபிள்' மதிப்பை அணைத்துவிடுங்கள். டெலிகேட் (பட்டியலின் ஒரு வரிசை) ஒவ்வொன்றிலும் 'கிளிப்' போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அது பல பொருள்களை ஒன்றாக வரையும் பேட்சிங்கை உடைக்கிறது.

இந்த சிப்களில் ஜிபியுவுக்குத் தனி மெமரி கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். சிபியு, ஜிபியு, திரைக் கன்ட்ரோலர் மூன்றும் ஒரே டிடிஆரில் பங்கு போடுகின்றன.

புதிய போர்டில் செய்யும் முதல் வேலை, ஜிபியுதான் வரைகிறது என்று உறுதிசெய்வது. 'தேவ்/டிஆர்ஐ' அடைவில் கார்டு0 மட்டும் இருந்து ரெண்டர்டி128 இல்லையென்றால் ஜிபியு டிரைவர் ஏறவில்லை. இரண்டும் இருந்தும் க்யூஎஸ்ஜி_இன்ஃபோ எல்எல்விஎம்பைப் என்றே காட்டினால் இரண்டு சந்தேகம். ஒன்று, உங்கள் நிரல் ஓடும் பயனர் 'வீடியோ', 'ரெண்டர்' குழுக்களில் இல்லை. ரூட்டாக ஓட்டும்போது சரியாக இருந்து, சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டும்போது மெதுவானால் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, மீசாவை அந்த ஜிபியுவின் டிரைவர் இல்லாமல் பில்ட் செய்திருக்கிறீர்கள். இமேஜ் கட்டும் கருவியான யோக்டோவில் மீசா ரெசிபியின் பேக்கேஜ்கான்ஃபிக்கில் விவான்டேக்கான டிரைவர் 'எட்னாவிவ்' சேர்க்க வேண்டும். மீசா பதிப்பைப் பொறுத்து 'கேஎம்எஸ்ஆர்ஓ'வையும் சேர்க்க வேண்டியிருக்கும். இந்த சிப்களில் வரைவது ஒரு சாதனம், திரையில் காட்டுவது வேறொரு சாதனம். இரண்டையும் இணைப்பது கேஎம்எஸ்ஆர்ஓ.

ராஸ்பெரி பை 4இலும் அதே பிரிவினை உண்டு: வரைவது வி3டி, காட்டுவது விசி4. எது கார்டு0, எது கார்டு1 என்பது பூட்டுக்குப் பூட்டு மாறலாம். 'க்யூடி_க்யூபிஏ_இஜிஎல்எஃப்எஸ்_கேஎம்எஸ்_கான்ஃபிக்' காட்டும் ஜேசன் கோப்பில் கார்டு எண்ணை நேராக எழுதாமல், 'பை-பாத்' அடைவின் நிலையான பெயரைக் கொடுங்கள். ஒரு நாள் வந்து மறுநாள் வராத திரைக்கு இது மருந்து.

நம்பகமான இன்னொரு சோதனை: 'ப்ராக்/இன்டரப்ட்ஸ்' கோப்பைச் சில விநாடி இடைவெளியில் இருமுறை பாருங்கள். அனிமேஷன் ஓடும்போது ஜிபியு வரியில் உள்ள எண் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் ஜிபியு சும்மா இருக்கிறது, யார் என்ன சொன்னாலும்.

நினைவக ஒதுக்கீடு அடுத்த பொறி. தொடர்ச்சியான மெமரி கேட்கும் டிரைவர்கள் சிஎம்ஏ பகுதியிலிருந்து எடுக்கும். அது போதாதபோது கர்னல் லாகில் சிஎம்ஏ ஒதுக்கீடு தோல்வி என்று வரும், திரை கறுப்பாக நிற்கும். கமாண்ட் லைனில் சிஎம்ஏ அளவைக் கூட்டலாம். 256 எம்பி போர்டில் 128 எம்பியை அதற்கே கொடுத்தால் மற்றவை மூச்சுத்திணறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜிபியுவுக்கு ஏற்ற வேலையையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரேமிலும் சிபியுவில் முழுப் படம் தயாரித்து ஜிபியுவுக்கு டெக்ஸ்சராக (ஒட்டும் படமாக) ஏற்றினால், நகலெடுப்பிலேயே ஜிபியுவின் லாபம் கரைந்துவிடும். கியூஎம்எல் கேன்வாஸில் கிராஃப் வரைவது இந்த வகை. வீடியோவோ கேமராவோ என்றால் டிஎம்ஏ-பஃப் (சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் பஃபர்) வழியாக நகலே இல்லாமல் கொடுங்கள். முடிந்தால் ஜிபியுவையும் தவிர்த்து, திரைக் கன்ட்ரோலரின் தனி பிளேனில் (லேயரில்) நேராகப் போடுங்கள். எம்பி157இன் திரைக் கன்ட்ரோலரான எல்டிடிசியில் இரண்டு லேயர் உண்டு: அடியில் கேமரா, மேலே யூஐ. கலப்பது கன்ட்ரோலரே, அதற்கென்று சிபியுவோ ஜிபியுவோ ஒரு பிக்சலையும் தொட வேண்டாம்.

டிரைவர் விஷயத்தில் என் கருத்து திட்டமானது. பத்து ஆண்டு களத்தில் இருக்கப்போகும் சாதனத்துக்குத் திறந்த மூல டிரைவர் உள்ள ஜிபியுவைத் தேர்ந்தெடுங்கள். விவான்டேக்கான எட்னாவிவ் 2016இல் வந்த 4.5 கர்னலிலிருந்தே மெயின்லைனில் இருக்கிறது. மாலி ஜிபியுவுக்கான லிமா, பான்ஃப்ராஸ்ட் இரண்டும் 2019இல் 5.2இல் சேர்ந்தன. தயாரிப்பாளர் தரும் மூடிய டிரைவரில் கர்னல் பகுதியும் பயனர் நூலகமும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். பிரேம்பஃபர், வேலாண்ட், எக்ஸ்11 ஒவ்வொன்றுக்கும் தனி நூலகம் வரும், தப்பானதைப் போட்டால் இஜிஎல் (ஓப்பன்ஜிஎல்லைத் திரையோடு இணைப்பது) தொடங்கும்போதே விழும். அதைவிடப் பெரிய தொல்லை, பாதுகாப்புத் திருத்தத்துக்காகக் கர்னலை உயர்த்தும்போது அந்த டிரைவர் கூடவே வராமல் உங்களைப் பழைய கர்னலிலேயே கட்டிப்போடுவது.

இன்னும் சில

எஸ்பிஐ (தொடர் கம்பி இணைப்பு) திரை வைத்திருப்பவர்கள் ஜிபியுவை மறந்துவிடலாம். ஐஎல்ஐ9341 கன்ட்ரோலர், 320×240, 16 பிட் என்றால் ஒரு பிரேம் 12,28,800 பிட். 32 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐயில் விநாடிக்கு 26 முழுப் பிரேமுக்கு மேல் கம்பியில் போகவே போகாது. மாறிய செவ்வகத்தை மட்டும் அனுப்புவதுதான் அங்கே ஒரே வேகம். எல்விஜிஎல் என்ற சிறிய யூஐ நூலகம் இதைச் சிறப்பாகச் செய்யும், திரையில் பத்தில் ஒரு பங்கு அளவு பஃபரே அதற்குப் போதும். ஆனால் தமிழில் யூஐ காட்ட வேண்டுமென்றால் எல்விஜிஎல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் "கொ", "கெ" இரண்டையும் அடித்துப் பாருங்கள். அது இயல்பாகக் குறியீட்டு வரிசையிலேயே வரைவதால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். க்யூடியில் எழுத்தைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை, தமிழ் எழுத்துரு ஒன்றை இமேஜில் சேர்த்தால் போதும். எழுத்தை அடுக்கும் அந்த வேலை எந்த ரெண்டரரிலும் சிபியுவில்தான் நடக்கும், ஆகவே மாறாத உரையைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதாதீர்கள்.

பிரவுசர் வழியே யூஐ காட்டும் திட்டம் இருந்தால் பேச்சே வேறு. ஜிபியு இல்லாத ஒற்றைக் கோரில் முழு பிரவுசர் எஞ்சினை ஓட்ட நினைக்காதீர்கள். அதற்கு ஜிபியுவும் வேண்டும், தாராளமான ராமும் வேண்டும்.

உங்கள் நிலைக்கு நான் சொல்லும் வரிசை இது. இன்றே இரண்டு வேரியபிளையும் மாற்றி சாஃப்ட்வேர் பேக்கெண்டில் ஓட்டுங்கள். ஆல்பா இல்லாத படங்கள், ஒட்டிய பின்னணி, 16 பிட் நிறம் மூன்றையும் செய்யுங்கள். மெனு நகர்வுக்குப் பதில் உடனடி மாற்றமோ, 150 மில்லிவிநாடிக்குள் முடியும் சிறிய நகர்வோ வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மிக மோசமான திரையில் சிபியு 60 சதவீதத்துக்குக் கீழே வராவிட்டால், அல்லது வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலேயே முழுத்திரை நகர்வும் ஒளிபுகும் ஓவர்லேயும் எழுதப்பட்டிருந்தால், எம்பி157க்குப் போங்கள். போகும் முன் அதன் டெவலப்மென்ட் போர்டு ஒன்றில் மெயின்லைன் கர்னலும் எட்னாவிவும் போட்டு, உங்கள் உண்மையான யூஐயை உங்கள் உண்மையான தெளிவுத்திறனில் ஓட்டி, இன்டரப்ட் எண் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.